நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் திண்டிவனத்தில் ஒரு நூல்நிலையக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனை மேடையில் ஏற்றிவிட்டால் அவன் கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவான் என்பது கூட்டம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. நானும் அன்று சந்திரனைப் பற்றிப் பேசினேன்.

"சந்திரனில் தண்ணீர் உண்டு என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் நாம்" என்றேன். சந்திரயான் ஒன்றுக்குத் திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்தவர் என்றேன். 2023 ஆகஸ்டு 23-ம் தேதி சந்திரனின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான் மூன்றுக்குத் திட்ட இயக்குநரான வீரமுத்துவேல் இதே விழுப்புரத்துப் பிள்ளை என்று நான் சொன்னபோது கைதட்டல் ஓய்வதற்குச் சற்று நேரமாயிற்று. "நாம் கண்டுபிடித்த தண்ணீர்" என்ற தொடரை அன்று எத்தனை முறை சொன்னேனோ, நினைவில்லை. சொல்லச் சொல்ல அது இனித்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் என் நண்பர் தம் காரில் என்னை மரக்காணத்துக்கு அழைத்துச் சென்றார். அவர் வக்கீல். முப்பது வருஷமாகத் திண்டிவனம் கோர்ட்டில் வரப்புத் தகராறுகளையே பார்த்துப் பார்த்து, மனித சுபாவத்தைப் பற்றித் தீர்மானமான அபிப்பிராயங்களை உடையவர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. சாலையின் இரு பக்கமும் கண்ணாடித் துண்டுகளை வரிசை வரிசையாகப் பதித்த மாதிரி பாத்திகள், நடுநடுவே வெள்ளைக் குவியல்கள், தூரத்தில் கழிமுகம். புதுச்சேரிக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியை விட்டு இறங்கி வரப்பில் பத்து நிமிஷம் நடந்தால்தான் அந்த அழகின் விலை தெரியும். மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று கீழேயிருந்தும் அடிக்கிறது. உப்பு ஒளியைத் திருப்பிக் கண்ணில் எறிகிறது.

பழைய ஊர் இது. சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் பாட்டிலேயே உமணர்களின் உப்பு வண்டிகளும் வருகின்றன. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன அந்த வண்டிக்காரர்களுக்குப் பிற்காலத்தில் ஒரு கால்வாய் போட்டியாக வந்தது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து புறப்பட்டு, கடலை ஒட்டியே தெற்கே வந்து, மரக்காணத்தில் முடிகிறதே பக்கிங்காம் கால்வாய், அதைத்தான் சொல்லுகிறேன். சுமார் 420 கிலோமீட்டர் நீளம். 1877-78 பஞ்ச காலத்தில் சென்னை நகருக்குள் அதன் ஒரு துண்டை வெட்டியவர்கள் கூலிக்காக வந்த பட்டினிக் கூட்டம். கால்வாய்க்குப் பெயர் வைத்தது கவர்னர் பக்கிங்காம் கோமகனுக்கு. உப்பும் விறகும் தோணிகளில் ஏறிச் சென்னைக்குப் போயின. அந்தக் கால்வாய் வடக்கே பழவேற்காடு ஏரியைத் தொட்டுக்கொண்டு போகிறது. பழவேற்காட்டின் கரையில்தான் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. சந்திரயான்கள் புறப்பட்ட இடமும், நான் அன்று நின்ற உப்பளமும், ஒரே உப்பங்கழி வரிசையில் இரண்டு புள்ளிகள்! தோணிகள் ஓடிய காலமாயிருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் மேலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

வரப்பில் ஓர் அம்மாள் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். கால்களில் வெடிப்புகள், அவற்றில் உப்பு ஏறி வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர். வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மத்தியானத்துக்குள் அது தீர்ந்துபோனால் பிறகு யாரையாவது கேட்க வேண்டும். காலை முதல் கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கிறவளுக்குக் குடிக்கத் தண்ணீர் ஒரு புட்டிதான்.

நண்பர் வழக்கம்போல் என்னை உயர்த்தி அறிமுகப்படுத்தினார். "இவரு பெரிய எழுத்தாளரும்மா. சந்திரன்ல நம்மாளுங்க தண்ணி கண்டுபிடிச்சதைப் பத்தி நேத்து நம்ம திண்டிவனத்துல பேசினாரு."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்படிங்களா! நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது, மேடையில் ஒரு மணி நேரம் பேசியவனுக்கு அந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் அல்லவா? தண்ணீர் என்று சொன்னவுடனே நான் பெருமைப்பட்டேன்; அவள் தரம் விசாரித்தாள்.

எனக்குத் தெரிந்தவரையில் பதில் இதுதான். அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த கற்களை ஆராய்ந்தவர்கள் வெகுகாலம் வரையில் சந்திரன் எலும்புபோல் உலர்ந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2008 அக்டோபர் 22-ம் தேதி சந்திரயான் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. நவம்பர் 14-ம் தேதி அதிலிருந்து பிரிந்த ஒரு சிறு பெட்டி, நான்கு பக்கமும் மூவர்ணக் கொடி தீட்டியது, தென்துருவத்தில் ஷாக்கிள்டன் பள்ளத்தின் அருகே போய் மோதியது. விழுகிற வழியிலேயே நீராவியின் அடையாளத்தை அதிலிருந்த கருவி உணர்ந்தது. அந்தக் கலத்திலேயே அமெரிக்கர்களின் கருவி ஒன்றும் இருந்தது. சந்திரனின் மண்ணிலிருந்து திரும்பும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அங்கே நீரின் கூறு இருக்கிறது என்று அது காட்டியது. 2009 செப்டம்பரில் அந்தச் செய்தி வெளியாயிற்று. அடுத்த மாதமே அமெரிக்கர்கள் கபேயஸ் என்ற இருண்ட பள்ளத்தில் ஒரு ராக்கெட்டின் காலி ஓட்டை வேண்டுமென்றே மோதச் செய்து, எழும்பிய புழுதியைச் சோதித்தார்கள். நூற்றில் ஐந்தாறு பங்கு தண்ணீர் இருந்தது. கூடவே அம்மோனியா இருந்தது, அழுகிய முட்டை நாற்றமடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு இருந்தது, பாதரசம்கூட இருந்தது.

"ஐஸ் மாதிரி உறைஞ்சு கிடக்குதும்மா, வெயிலே படாத பள்ளத்துல. ஆனா அப்படியே குடிக்க முடியாது. விஷமெல்லாம் கலந்திருக்குது. காய்ச்சி, வடிச்சு எடுக்கணும்" என்றேன்.

"அப்போ இந்தத் தண்ணி மாதிரிதான். கண்ணால பாக்கலாம், வாயில வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது. ஆனால் என் மனத்தில் முடியவில்லை.

வரப்பிலே நின்று அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி, பத்துப் பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும் வரையில் வெயிலில் காயவிட்டால்தான் உப்புப் பூக்கிறது. அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்து ஒதுங்கிவிட வேண்டும். அதற்கு மேலும் காயவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசந்துவிடும். எப்போது வார வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே தெரிகிறது. வெயில் யாருக்கும் வாடகை கேட்பதில்லை, கடலும் கேட்பதில்லை. ஆக, இந்த உப்பைச் செய்கிறவை எவை? கடல் ஒன்று, சூரியன் ஒன்று, இந்தக் கைகள் ஒன்று. மூன்றுக்குமே அந்த வெள்ளைக் குவியல் சொந்தமில்லை!

"பின்னே யாருக்குச் சொந்தம்?" என்று நண்பரைக் கேட்டேன்.

அவர் காலால் வரப்பைத் தட்டிக் காட்டினார். "இது யாருடையதோ, அவனுக்கு. இங்கே உப்பளங்களிலே பலது சர்க்கார் நிலம், குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரன் வரப்புக் கட்டினான். கடலைப் பட்டா போட முடியாதய்யா. ஆனால் அது வந்து தங்குகிற இடத்தைப் போடலாம்."

வக்கீல் பேச்சுத்தான். ஆனால் சந்திரனைப் பற்றி நான் படித்த உடன்படிக்கைகள் அத்தனையும் அந்த ஒரு வரப்பில் வந்து உட்கார்ந்துகொண்டன. 1967-ல் ஏற்பட்ட விண்வெளி உடன்படிக்கை, சந்திரனையோ மற்ற கோளங்களையோ எந்த நாடும் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்று சொல்லுகிறது. நாமும் அதில் சேர்ந்திருக்கிறோம். படிக்கிறபோது மனத்துக்கு நிம்மதியாக இருக்கிறது. அமெரிக்கர்கள் 1969-ல் கொடி நட்டார்கள். ஆனால் சந்திரன் எங்களுடையது என்று சொல்லவில்லை. கொடி நட்டவன் உரிமை கேட்கவில்லை என்பது மனித சரித்திரத்திலேயே அபூர்வமான சம்பவம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஆனால் 2015-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. சந்திரன் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதிலிருந்து வெட்டி எடுத்தது எடுத்தவனுக்குச் சொந்தம் என்பது அதன் சாரம். லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாடு 2017-ல் அதே மாதிரி ஒன்று இயற்றியது. ஜப்பானும் 2021-ல் இயற்றியது. 2020-ல் நாஸா சந்திர மண்ணை விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சில கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவற்றில் ஒரு கம்பெனி கேட்ட விலை எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். மண்ணுக்காக அல்ல அந்த ஒரு டாலர். ஒருவன் விற்றான், ஒருவன் வாங்கினான் என்று ஏட்டில் ஏறிவிட்டால் நாளைக்கு அதுவே வழக்கமாகிவிடும் அல்லவா? நம் ஊர்க் கிரயப் பத்திரங்களைப் படித்துப் பழகிய என் நண்பர் இதைக் கேட்டு, "பலே!" என்றார்.

2020-லேயே ஆர்ட்டெமிஸ் உடன்பாடு என்று ஒன்றும் ஏற்பட்டது. 2023 ஜூனில் இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. அதிலே ஒரு வாசகம்: ஒருவர் சந்திரனில் வேலை செய்யுமிடத்தைச் சுற்றி, மற்றவர்களுடைய குறுக்கீடு இல்லாமலிருப்பதற்காக, பாதுகாப்பு வட்டம் ஒன்றை அறிவித்துக்கொள்ளலாம். அது தற்காலிகமானது, உரிமை கோருவதாகாது என்றெல்லாம் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கலாம். ஆனாலும், சந்திரனின் தென்துருவத்தில் பனிக்கட்டி இருக்கக்கூடிய இருள் பள்ளங்கள் சில. அந்தப் பள்ளங்களுக்குப் பக்கத்திலேயே சூரிய வெளிச்சம் பெரும்பாலும் மறையாத மேடுகள் அதைவிடச் சில. வெளிச்சம் இருந்தால்தான் மின்சாரம். மின்சாரம் இருந்தால்தான் பனிக்கட்டி தண்ணீராகும். முதலில் போனவன் அந்த மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டால் அது என்ன? மரக்காணத்து மொழியில் அதற்கு வரப்பு என்று பெயர். கடல் உன்னுடையதல்ல என்று ஒப்புக்கொண்டே கடலை எடுத்துக்கொள்கிற வித்தை.

வித்தை என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது. ஏனென்றால் வரப்பு இல்லாவிட்டால் உப்பும் இல்லை. கடலைக் கடலாகவே விட்டுவைத்திருந்தால் அது யாருக்கும் சொந்தமில்லாமல், யாருக்கும் உபயோகமில்லாமல் அலையடித்துக்கொண்டிருந்திருக்கும். நண்பர் இதையே பிடித்துக்கொண்டார். "லாபம் இல்லாமல் எவன் ஐயா சந்திரனுக்குப் போய்ப் பள்ளத்தில் இறங்குவான்? பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு டிகிரி என்கிறீர். கோடி கோடியாகச் செலவு. 'எடுத்தால் எல்லாருக்கும் பங்கு வை' என்றால், எடுக்கவே மாட்டான். கஷ்டப்பட்டவனுக்குப் பலன் சேர வேண்டும் என்பது நியாயமா இல்லையா?"

நியாயம்தான். கஷ்டப்பட்டவனுக்குப் பலன் என்ற நியாயத்தை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் சங்கடமே ஆரம்பமாகிறது. எதிரே அந்த அம்மாள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருக்கிறாள். கஷ்டப்பட்டவள் யார்? வெடித்த கால் யாருடையது? கஷ்டப்பட்டவனுக்குப் பலன் என்ற நியாயத்தைச் சொல்லிப் பலனை எடுத்துக்கொள்கிறவன், அநேகமாக எந்த யுகத்திலும், அந்தக் கஷ்டத்தைப் பட்டவனாக இருப்பதில்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறோம். சோறு போட்டவரைத்தான் நினைக்கிறோமே தவிர, அந்த உப்பை வாரிக் கொடுத்த கையை நம்மில் எத்தனை பேர் நினைத்திருக்கிறோம்? தூத்துக்குடி உப்பளத்து மக்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதினார். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் நான் சாப்பாட்டில் உப்பைத் தொட்டபோதெல்லாம் யோசித்ததுண்டு. ஒரு வாரம்தான்.

சந்திரனிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரைக் கண்டது யாருடைய உழைப்பு? சந்திரயான் ஒன்றில் பதினொரு கருவிகள். ஐந்து நம்முடையவை, ஆறு பிற நாட்டாருடையவை. அமெரிக்கக் கருவியைச் சுமந்து போனது நம் கலம். கண் அவர்களுடையது, தோள் நம்முடையது. அதற்கு முன்னால் கலங்களை அனுப்பிக் கைசுட்டுக்கொண்ட ருஷ்யர்கள் இருக்கிறார்கள். கண்ட செய்திகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதைக் கொண்டு 2018-லும் பனிக்கட்டிக்கு மேலும் ஆதாரம் கண்டவர்கள் இருக்கிறார்கள். சந்திரயான் இறங்கிப் பழகுவதற்குச் சந்திர மண் போன்ற மண் வேண்டுமென்று தேடியபோது அது எங்கே அகப்பட்டது தெரியுமா? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும். அங்கே பாறையை உடைத்தவர்களுக்கும் இதில் ஒரு பிடி பங்கு உண்டு என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் மேடையில் சொன்ன "நாம்" என்ற சொல்லில் இவர்களில் யார் யார் இருந்தார்கள்? யாரை நான் வெளியே நிறுத்தினேன்? அந்த அம்மாள் அதில் இருந்தாளா?

வெயில் ஏறிவிட்டது. புறப்படலாம் என்று நண்பர் அவசரப்படுத்தினார். எனக்கு அந்த உப்பில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. அம்மாளிடம், "ஒரு கிலோ விலைக்குக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"விக்கறதுக்கு எனக்கு ஏதுங்க உரிமை? மொதலாளி உப்பு" என்றாள்.

"அப்ப வேண்டாம்மா."

"கொழம்புக்குத்தானே கேக்கறீங்க? எடுத்துக்கிட்டுப் போங்க. அதை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." தன் தூக்குவாளி மூடியில் இரண்டு கை அள்ளி என் கைக்குட்டையில் கொட்டினாள். நான் ஒரு ரூபாய் நோட்டை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"காசு வாங்கினா அது வேற ஆயிடும்ங்க."

காரில் திரும்பும்போது வெகு தூரம் நான் ஒன்றும் பேசவில்லை. மடியில் இருந்த உப்பு கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் சொன்ன எல்லைக்கோட்டை நான் எங்கோ படித்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வரவில்லை. திண்டிவனம் நெருங்கும்போது வந்தது. காந்திஜியும் வைஸ்ராய் இர்வினும் 1931 மார்ச் 5-ம் தேதி செய்துகொண்ட ஒப்பந்தம்!

அந்தக் கதையின் முன்பகுதி நம் எல்லாருக்கும் தெரியும். சென்னை ராஜதானியில் கும்பெனியார் 1805-லேயே உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். கடலோரத்தில் தானாகப் பூத்த உப்பை அள்ளினாலும் குற்றம். 1930-ல் காந்திஜி தண்டிக்கு நடந்தார். இங்கே ராஜாஜி ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு புறப்பட்டு, தஞ்சைச் சீமையின் வழியே நடந்து, 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார். 30-ம் தேதி உப்பெடுத்துக் கைதானார். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் உப்புச் சட்டம் ரத்தாகிவிடவில்லை. வரி ஒழிந்தது 1947-ல்தான். ஆனால் ஒரு சலுகை கிடைத்தது. உப்பு விளைகிற இடத்தை அடுத்த கிராமத்தார் தங்கள் வீட்டு உபயோகத்துக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம். கிராமத்துக்குள்ளே விற்றும் கொள்ளலாம். வெளியாருக்கு மட்டும் விற்கக் கூடாது.

அன்று பலருக்கு இது அற்பமான சலுகையாகப் பட்டது. இதற்காகவா இத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் சிறுவயதில் அப்படித்தான் தோன்றியது. இப்போது அதில் வேறொன்று தெரிகிறது. எடுப்பது ஒன்று, விற்பது வேறொன்று என்று அது ஒப்புக்கொள்கிறது. அருகில் இருக்கிறவனுடைய தேவைக்கும், தூரத்தில் இருக்கிறவனுடைய வியாபாரத்துக்கும் ஒரே சட்டம் இல்லை என்கிறது. மரக்காணத்து அம்மாள் அந்த ஒப்பந்தத்தைப் படித்தவளல்ல. ஆனால் அந்தக் கோடு அவளுக்குத் தெரிந்திருந்தது.

சந்திரனில் போய் இறங்குகிறவன் தாகத்துக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்வதை எந்த மூடனும் தடுக்கமாட்டான். அவன் எந்த நாட்டானாக இருந்தாலும் சரிதான். ஆனால் அங்கே தண்ணீர் தேடுகிறவர்கள் எல்லாரும் தாகத்துக்காகத் தேடவில்லை. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். பூமியிலிருந்து தூக்கிப்போக வேண்டிய சுமை குறையும். செவ்வாய்க்குப் போகிறவன் வழியிலே நிரப்பிக்கொண்டு போகலாம். அதாவது, சந்திரனில் ஒரு பெட்ரோல் பங்க். முதலில் வைத்தவன் மற்றவர்களுக்கு என்ன விலை சொல்வானோ! கோடிக்கணக்கான வருஷங்களாக வெயில் காணாமல் உறைந்து கிடந்ததை எரித்துப் புகையாக விட்டுவிட்டுப் போவது நியாயமா என்று எரிக்கிறவனைக் கேட்க அங்கே பக்கத்துக் கிராமம் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இதைத்தான் நண்பரிடம் நான் அழுத்திச் சொன்னேன். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்த உப்பளங்களெல்லாம் வெள்ளத்தில் மூழ்கின. வரப்புகள் கரைந்தன. ஆனாலும் தை பிறந்ததும் திரும்பக் கட்டினார்கள். கடல் திரும்ப வந்தது, வெயில் திரும்ப வந்தது, உப்பும் பூத்தது. இரண்டாயிரம் வருஷமாக எடுத்தும் இந்தக் கடலில் உப்புக் குறையவில்லை. குறையாததில் ஒருவன் அதிகம் எடுத்தால் மற்றவனுக்கு மனத்தாங்கல்தான், நஷ்டமில்லை. அந்த இருட்டுப் பள்ளத்துப் பனிக்கட்டி அப்படியல்ல. அடுத்த பங்குனியில் அது திரும்பப் பூக்காது. எடுத்தால் எடுத்ததுதான். நம் பேரனுக்குப் பேரன் போய் இறங்கும்போது பள்ளம் இருக்கும், வரப்பும் இருக்கும்.

1979-ல் ஐக்கிய நாடுகள் சபையில் சந்திர உடன்படிக்கை என்று ஒன்று வகுத்தார்கள். சந்திரனும் அதன் செல்வமும் மனிதகுலத்தின் பொதுச்சொத்து, பலனில் ஏழை நாடுகளுக்கும் பங்கு உண்டு என்பது அதன் கொள்கை. இந்தியா 1982-ல் கையெழுத்திட்டது. பிறகு உறுதி செய்யவில்லை. கலம் அனுப்புகிற பெரிய நாடுகள் எதுவும் அதில் சேரவில்லை. சவூதி அரேபியா சேர்ந்திருந்துவிட்டு, பிறகு விலகிக்கொண்டது. ஆக, நம் தேசத்தின் கையெழுத்து இரண்டு தாள்களிலும் இருக்கிறது. பொதுச்சொத்து என்ற தாளிலும் இருக்கிறது, வட்டம் போட்டுக்கொள்ளலாம் என்ற தாளிலும் இருக்கிறது. போக முடியாத காலத்தில் பொதுவென்றோம். போகத் தெரிந்த பிறகு தயங்குகிறோம். இது நம்முடைய தனிக் குணமல்ல. பங்காளி வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு நியாயமும், நம் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒரு நியாயமும் பேசாதவர் யார்? ஆனாலும் கடலுப்புக்காக ஜெயிலுக்குப் போனவர்களுடைய தேசம் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் கூச்சப்படலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

"பங்கு, பங்கு என்கிறீரே, உழைக்காதவனுக்கு எப்படி ஐயா பங்கு கொடுப்பது? உலகத்தில் எங்கே நடக்கிறது?" என்றார் நண்பர்.

"உங்கள் மரக்காணத்திலேயே நடக்கிறதே!" என்றேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்கிற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ல் தொடங்கியது. உப்பு விளையாத காலத்திலும் உப்பு விளைவித்தவர்களுக்கு ஒரு பங்கு. தொகை சிறிதுதான். மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்று அந்த அம்மாளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். ஆனால் கொடுக்க முடியாதது என்று யாரும் சொல்லவில்லை.

நண்பர் சற்று யோசித்தார். "அது வோட்டு இருக்கிறவர்களுக்கு" என்றார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு மாதத்துக்குப் பிறகு நூல்நிலையத்தாரிடமிருந்து ஒரு தபால் வந்தது. என் பேச்சை ஆண்டு மலரில் அச்சிடப் போவதாகவும், பிழை இருந்தால் திருத்தி அனுப்பும்படியும் எழுதியிருந்தார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நாம் கண்டுபிடித்த தண்ணீர்" என்ற தொடர் நான்கு இடத்தில் வந்திருந்தது. நான்கையும் அடித்துவிட்டு, "சந்திரனில் உள்ள தண்ணீர்" என்று எழுதினேன். வாக்கியங்கள் களையிழந்துவிட்டன. கைதட்டல் வாங்கிய இடத்தில் இனி யாரும் தட்டமாட்டார்கள் என்று தெரிந்தது. இருந்தாலும் தபாலில் சேர்த்துவிட்டேன்.

மலர் ஆடி மாதம் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். என் திருத்தங்கள் போய்ச் சேர்வதற்குள் அச்சேறிவிட்டதாம். நான்கு "நாமு"ம் வைத்த இடத்திலேயே இருந்தன. அந்த உப்பை என் மனைவி மாவடுவுக்குப் போட்டிருந்தாள். கல்லுப்பு நன்றாக இருக்கிறதே, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டாள்.